புதுமை இல்லாத அரிப்பு

மதிப்பிற்குரிய டாக்டரம்மாவுக்கு,

உங்கள் ஆராய்ச்சி விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். காரணத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்களாம்: "போதிய புதுமை இல்லை." இதற்குப் போய் மனம் ஒடிந்து உட்கார்ந்திருக்கிறீர்களே! அவர்கள் சொன்னதில் என்ன தப்பு? அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவனுக்குக் கை அரிப்பது என்றைக்கம்மா புதுமையாக இருந்தது? அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவருக்கும் அரித்தது. புகைபோக்கிக்குள் இறங்கித் துடைத்த பையன்களுக்குப் பின்னாளில் விதைப்பையில் புற்று வருவது கரியால்தான் என்று லண்டனில் பெர்சிவல் பாட் எழுதியது 1775ல். குரோமியத்தில் கை வைத்தவர்களுக்குத் தோலில் குழி விழுவதை கிளாஸ்கோ மருத்துவர் ஒருவர் பதிவு செய்தது 1827ல். இருநூறு வருஷத்துப் புண்ணைத் தூக்கிக்கொண்டு போய் டெல்லியில் நீட்டினால் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்?

நான் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் தலை நரைத்து, இப்போது திருமுல்லைவாயலில் பென்ஷனில் காலம் தள்ளுகிறவன். எனக்கு விஞ்ஞானம் தெரியாது. விஞ்ஞானிகளின் பில் தெரியும். எந்த விண்ணப்பத்துக்குப் பணம் வரும், எது போன வேகத்தில் திரும்பும் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அடுத்த முறையாவது நீங்கள் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சில யோசனைகள் சொல்கிறேன்.

முதலில் தலைப்பு. "அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சிறு பட்டறைத் தொழிலாளரிடையே நாட்பட்ட கைக் கரப்பான்: காரணங்களும் தடுப்பு வழிகளும்." இதில் ஆபத்தில்லாதது ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இரண்டு "உம்" மட்டும் தேறின. சிறு பட்டறை என்று எழுதினால், இந்த நாட்டில் இன்னும் சிறு பட்டறைகள் இருக்கின்றன என்று ஆகிவிடும். தொழிலாளர் என்ற சொல் பழைய கொடிக்கம்பங்களை ஞாபகப்படுத்துகிறது. "மனித வளம்" என்று போடுங்கள், வளம் அரிப்பு வந்து சொறியாது. நாட்பட்ட நோய் என்பது அதைவிட மோசம். திட்டமே மூன்று வருஷம். மூன்று வருஷத்தில் தீராத நோயைக் காட்டி எப்படி வெற்றி அறிக்கை எழுதுவது? சாகிற வியாதிகளுக்கே நிதிக்கு வரிசை நிற்கிறது. கரப்பான் வந்தவன் சாவதில்லை, தூங்காமல் மட்டும் இருக்கிறான். தூங்காதவனைப் பார்த்து எந்த அமைச்சர் அனுதாபச் செய்தி விடுவார்?

எல்லாவற்றுக்கும் மேலான தப்பு, தடுப்பு. தடுத்துவிட்டால் விற்க என்னம்மா மிஞ்சும்? மருந்து கண்டுபிடிக்கிறேன் என்றால் ஒரு கம்பெனி வரும். கருவி செய்கிறேன் என்றால் நாலு ஸ்டார்ட்அப் வரும். கூலண்டை மாற்று, கை கழுவ ஒரு குழாய் வை என்பதற்கு யார் காப்புரிமை வாங்குவார்?

ஆகவே தலைப்பை இப்படி மாற்றுங்கள்: "விக்சித் பாரத் 2047 நோக்கில், செயற்கை நுண்ணறிவின் துணையோடு, மனித வளத்தின் மேல்தோல் தாங்குதிறனை உயர்த்தும் சுதேசித் தொழில்நுட்பம்." படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள எந்த நிபுணருக்கும் துணிச்சல் வராது. உள்ளே ஒரு செல்போன் செயலி இருக்கட்டும். தொழிலாளி தன் கையைப் படம் பிடித்து அனுப்பினால், அது கரப்பான்தான் என்று செயலி சொல்லும். அவனுக்கு அது பதினைந்து வருஷமாகத் தெரியும் என்பது வேறு விஷயம். தரவு வேண்டுமல்லவா?

உங்கள் விண்ணப்பத்தில் நீங்கள் செய்த இன்னொரு பிழை, பட்டறைக்குள் போனது. போனதோடு விட்டீர்களா, பார்த்ததையும் எழுதிவிட்டீர்கள். லேத்தில் தண்ணீரோடு கலந்து ஊற்றும் கூலண்ட் எண்ணெய் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், மாதக்கணக்கில் மாற்றாமல் ஓடி ஓடி நாற்றமெடுக்கும், எட்டு மணி நேரம் பன்னிரண்டு மணி நேரம் கை அதில் ஊறும், இரும்புத் துகள் தோலைக் கீறும், கீறிய வழியே எண்ணெய் இறங்கும். ஷிப்ட் முடிந்ததும் கறை போவதற்கு மண்ணெண்ணெய், தின்னர், இல்லாவிட்டால் மரத்தூளோடு சோப்புத்தூள். தோலில் இயற்கையாக இருந்த கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பசையும் அதோடு சரி. பிளேட்டிங் பட்டறையில் குரோமிய அமிலத் தொட்டி, நிக்கல் தொட்டி. கட்டட வேலையில் ஈர சிமென்ட். இத்தனையும் எழுதியதைப் படித்த நிபுணர் ஒருவர், "கையுறை அணியச் சொன்னால் போதுமே, இதற்கு ஆராய்ச்சி எதற்கு?" என்று குறிப்பு எழுதியிருந்தாராம். மகானுபாவர்! சுற்றுகிற லேத்தில் கையுறையோடு நின்றால் கையுறையோடு சேர்த்துக் கையையும் இழுத்துக்கொண்டு போகும் என்பது ஐ.டி.ஐ. முதல் வருஷப் பையனுக்குத் தெரியும். தோலைக் காப்பாற்றக் கையைக் கொடு என்று சொல்கிறவருக்குத்தான் மதிப்பீட்டுக் குழுவில் நாற்காலி.

அடுத்து பட்ஜெட். அங்கேதான் உங்கள் அனுபவமின்மை பளிச்சென்று தெரிகிறது. பேட்ச் டெஸ்ட் செய்வதற்காக முதுகில் நிக்கல், பொட்டாசியம் டைகுரோமேட், ரப்பர் ரசாயனம் என்று வரிசையாகச் சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி, 48 மணி நேரம் நனையாமல் வைத்திருந்து, எடுத்துப் பார்த்து, 96ஆம் மணியில் திரும்பவும் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். சரி. அந்த இரண்டு நாளும் அவன் குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது. அம்பத்தூரில், தகரக் கூரைக்குக் கீழே, வேர்க்காமல்! ஆகவே அவன் வேலைக்குப் போக முடியாது, ஆகவே அவனுக்குக் கூலி இழப்பு, ஆகவே அந்த நாட்களின் கூலியைத் திட்டத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினீர்கள் பாருங்கள், அந்த வரியில்தான் சிவப்பு மை பட்டது. தொழிலாளிக்குக் கூலி கொடுத்தால் அது ஆசை காட்டி ஆராய்ச்சிக்கு இழுப்பது ஆகிவிடுமாம். அறம் கெட்டுவிடுமாம். மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு வருகிற நிபுணருக்கு விமான டிக்கெட், தங்கும் அறை, அமர்வுப் படி எல்லாம் உண்டு. அதில் ஆசையும் இல்லை, அறமும் கெடுவதில்லை. நானே எத்தனை பில் பாஸ் செய்திருக்கிறேன்.

ஒப்பந்தத் தொழிலாளி இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையனாக இருந்தால் தங்கும் இடமும் சேர்ந்தே போகும். ஆக, தன் நோய்க்குக் காரணம் என்ன என்று தெரிந்துகொள்ள அவன் கொடுக்க வேண்டிய விலை, வேலை. இதை ஒரு ஆராய்ச்சி முடிவாகவே எழுதலாம். ஆனால் புதுமை இல்லை.

இப்போது முக்கியமான யோசனைக்கு வருகிறேன். கூலண்ட் பால் போல வெள்ளையாக இருக்கிறது என்று எழுதினீர்களே, அதன் ஒரே குறை அது பசுவிலிருந்து வரவில்லை என்பதுதான். வந்திருந்தால் உங்கள் பாடு கொண்டாட்டம். 2017ல் பஞ்சகவ்யத்தை அறிவியல்பூர்வமாக மெய்ப்பிக்க 19 பேர் கொண்ட குழு போட்டார்கள், மத்திய அறிவியல் அமைச்சரே அதற்குத் தலைவர். 2020ல் அறிவியல் தொழில்நுட்பத் துறை, நாட்டுப் பசுவின் பால், சாணம், கோமியம் முதலியவற்றை ஆராய "சூத்ரா பிக்" என்று ஒரு திட்டத்துக்கு விண்ணப்பங்களை அழைத்தது. முடிவை முதலில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சியைப் பிறகு தேடாதீர்கள் என்று 500 விஞ்ஞானிகளுக்கு மேல் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். 2021ல் கொரோனா நோயாளிகள் 20 பேரை வைத்து, காயத்ரி மந்திரமும் பிராணாயாமமும் பலன் தருமா என்று ரிஷிகேஷ் எய்ம்ஸில் சோதித்தார்களே, அதற்குப் பணம் கொடுத்ததும் அதே துறை. அந்த விண்ணப்பங்களுக்கெல்லாம் புதுமை போதவில்லை என்று யாரும் எழுதவில்லை. வேதகாலத்துச் சரக்கு புதுமை. 1775ஆம் வருஷத்துச் சரக்கு பழசு.

இதைச் சொன்னவுடன் நான் நாட்டு மருத்துவத்துக்கு எதிரி என்று முத்திரை குத்த வேண்டாம். நம் அரும்பாக்கத்து மத்திய சித்த ஆராய்ச்சி நிறுவனம் வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து வெயிலில் காய்ச்சிய தைலத்தைக் காளாஞ்சகப்படைக்கு, அதாவது சோரியாசிஸுக்கு, ஆண்டுக்கணக்கில் நோயாளிகளிடம் பார்த்துத்தான் 777 எண்ணெய் என்று வெளியே விட்டது. நோயாளியைப் பார்ப்பது ஆராய்ச்சி. நோயாளி யார் என்றே கேட்காமல் மாட்டைப் பார்ப்பது வேறு தொழில்.

பசு உங்களுக்குச் சரிப்படவில்லை என்றால், அன்னியக் கை உள்ள நோயாகப் பார்த்து எடுங்கள். ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லிப் பக்கம் காலி மனை எதுவானாலும் வெள்ளைப் பூவோடு மண்டிக் கிடக்கிறதே பார்த்தீனியம், அதுவும் தோலைப் பதம் பார்க்கும். முகம், கழுத்து, முழங்கை மடிப்பு என்று காற்றில் பட்ட இடமெல்லாம் தடித்துக் கறுத்துப் போகும். 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டது. அமெரிக்கக் கோதுமையோடு வந்ததென்பது பரவலான பேச்சு. அங்கே அதனால் வந்த தோல் அழற்சியை மருத்துவ இதழில் பதிவு செய்தது 1974ல். குற்றவாளி வெளிநாட்டுச் செடி என்பதால் உள்ளூரில் யாருக்கும் சங்கடம் இல்லை. உங்கள் ஆராய்ச்சியில் குற்றவாளி யார்? பெரிய வண்டிக் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை. அதற்கு ஒரு பீஸுக்கு எத்தனை பைசா என்று கழுத்தை நெரிக்கும் பெரிய கம்பெனி. பட்டறை முதலாளி என்றவுடன் பென்ஸ் காரில் வருகிறவர் என்று நினைக்க வேண்டாம். பாதிப் பேருக்கு அவர்கள் கையிலும் அதே வெடிப்புதான், அவர்களும் லேத்தில் நிற்கிறவர்கள்தான். கூலண்டை அடிக்கடி மாற்றச் சொன்னால் அந்தப் பைசா எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பெரிய கம்பெனிதான் உங்கள் விண்ணப்பப் படிவத்தில் "தொழில்துறைக் கூட்டாளி" என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும்!

அந்தக் கட்டம் சும்மா வைத்ததல்ல. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை என்று 2023ல் சட்டம் போட்டு, பிரதமரையே தலைவராக வைத்து ஆரம்பித்தார்கள். ஐந்து வருஷத்தில் 50,000 கோடி ரூபாய் என்று செய்தி வந்தபோது நம் ஆட்கள் இனிப்பு கொடுத்தார்கள். அதில் 36,000 கோடி தொழில் நிறுவனங்களும் தர்மவான்களும் கொடுப்பார்கள் என்பதுதான் கணக்கு. பந்தல் மட்டும் நம்முடையது, பந்தி மொய் எழுதுகிறவர்கள் கொண்டு வருவார்கள் என்று கல்யாணம் வைத்தது போல. இந்த நாடு தன் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது, 2020-21 கணக்குப்படி, 0.64 சதவீதம். தென் கொரியாவில் அது ஐந்தை ஒட்டி நிற்கிறது. சரி, தனியார் கொடுக்கட்டும். எந்தத் தனியார், தன் எண்ணெய் தொழிலாளியின் தோலை என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்கப் பணம் கொடுப்பார்? கொடுத்தாலும், கண்டுபிடித்ததை வெளியிட விடுவாரா?

ஒருவேளை உங்களுக்குப் பணம் வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் எங்கள் பிரிவின் திருவிளையாடல் ஆரம்பமாகும். பணம் தாமதமாக வரும். செலவழிக்காத பாக்கி மார்ச் 31 இரவு திரும்பிப் போகும். நோய் நிதியாண்டுக்குள் அடங்காது என்று நீங்கள் சொல்லலாம். படிவம் ஜி.எஃப்.ஆர். 12-ஏ, பயன்பாட்டுச் சான்றிதழ், அதற்கு நோய் தெரியாது. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களுக்கான சுங்கவரியை 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தினார்கள், ஞாபகம் இருக்கிறதா? விஞ்ஞானிகள் அலறிய பிறகு ஆகஸ்ட் 1ஆம் தேதி பழையபடி 10க்குக் கொண்டு வந்தார்கள். நடுவில் யார் தலையில் அந்த எண் உதித்தது, எதற்காக என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நானும் கணக்குப் படித்தவன்தான். அதே வருஷம், வாங்கிய ஆராய்ச்சி மானியத்துக்கு ஜி.எஸ்.டி. கட்டவில்லை என்று டெல்லி ஐ.ஐ.டி.க்கு 120 கோடி ரூபாய் நோட்டீஸ் போனது. அரசாங்கம் கொடுத்த காசுக்கு அரசாங்கமே வரி கேட்டது. செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி விலக்குக் கொடுத்தது. இந்தக் கூத்துகளை ஆராய ஒரு நிதி கேட்டிருந்தால் புதுமை நிச்சயம் இருந்திருக்கும்.

உங்கள் விண்ணப்பத்தில் உலக சுகாதார சபையின் தீர்மானத்தையும் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். 2025 மே மாதம் ஜெனிவாவில், தோல் நோய்களை உலகப் பொதுச் சுகாதார முன்னுரிமையாகக் கருத வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எந்த நேரத்தில் பார்த்தாலும் 180 கோடிப் பேருக்குத் தோல் நோய் இருக்கிறது என்பது அங்கே சொன்ன கணக்கு. நல்லது. ஆனால் தீர்மானம் போடுவதில் நம் வட்டாரத்துக்கு ஜெனிவா பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாநாடு கூடி, இந்த நாட்டில் சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானித்தது இதே ஆவடியில்தான். கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் புனேயில் பார்த்தீனியம் தலைகாட்டியது. காங்கிரஸ் புல் என்று அதற்கு ஜனங்கள் பெயர் வைத்தார்கள். தீர்மானத்தைவிட அது நன்றாகப் பரவியது.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே எழுதினேன். இனிமேல் முடியவில்லை.

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் மூன்றாவது அட்டவணை என்று ஒன்று இருந்தது. அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியல் அது. குரோமியப் புண் அதில் இருந்தது. ரசாயனமும் பெயின்ட்டும் பட்டு வரும் தோல் அழற்சி இருந்தது. அப்படி ஒரு நோயாளியைப் பார்க்கிற மருத்துவர் தாமதமில்லாமல் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது 89ஆம் பிரிவு. எழுதாவிட்டால் 1,000 ரூபாய் வரை அபராதம். எழுதியது சரி என்று உறுதியானால் மருத்துவருக்குக் கட்டணம், அதை ஆலைக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. இத்தனை தெளிவாக எழுதி வைத்திருந்தார்கள். இந்த ஒரு பிரிவு ஒழுங்காக நடந்திருந்தால், அம்பத்தூரில் எத்தனை கை, எந்தப் பட்டறை, எந்த எண்ணெய் என்று இந்நேரம் பதிவேடு பதிவேடாக இருந்திருக்கும். நீங்கள் கையேந்தப் போயிருக்கவே வேண்டாம்.

நடப்பது என்ன? அவன் மருந்தகத்துக்கு வருகிறான். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்க வேண்டும் என்று 1700ல் இத்தாலியில் ராமசினி என்ற மருத்துவர் எழுதிவைத்தார். நான் பார்த்த ஓ.பி. சீட்டுகளில் வயதுக்குக் கட்டம் உண்டு, ஆணா பெண்ணா என்பதற்குக் கட்டம் உண்டு, தொழிலுக்குக் கட்டம் கிடையாது. "அலர்ஜி" என்று எழுதி ஒரு ட்யூப். சம்பளத்தில் மாதாமாதம் 0.75 சதவீதம் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடித்தம் உள்ளவனுக்கு இந்தக் கதி. பிடித்தமே இல்லாதவன் நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறான். 2018ல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. உத்தரவு கல்லாப் பெட்டிக்கு மேலே இருக்கிறது, ட்யூப் கல்லாப் பெட்டிக்குக் கீழே. நாலு நாள் அரிப்பு அடங்கும். பிறகு தோல் காகிதமாக மெலியும், படர்தாமரை இடுப்பிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து வீட்டுக்காரிக்கு, பிள்ளைக்கு.

கையின் தோல் போனால் ரேகையும் போகும். கைக் கரப்பான் உள்ளவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் கைரேகை இயந்திரத்தில் தேறவில்லை என்று மலேசியாவில் ஓர் ஆய்வு 2013ல் வெளிவந்தது. 2020 அக்டோபரிலிருந்து நம் ரேஷன் கடைகளில் கைரேகை கேட்கிறார்கள். லேத்காரரும் கொத்தனாரும் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதையும், இயந்திரம் மாட்டேன் என்று சிவப்பு விளக்குக் காட்டுவதையும் எந்த மாதமும் போய்ப் பார்க்கலாம். கம்பெனி வாசலிலும் அதே இயந்திரம் இருக்கிறது. ரேகை விழவில்லை என்றால் அன்றைய வருகையும் விழாது. நோயைக் கணக்கில் எடுக்க மறுத்த அரசாங்கம், அந்த நோயைக் காரணமாக வைத்தே ஆளையும் கணக்கிலிருந்து எடுக்கிறது. இதற்கு மேல் என்னம்மா புதுமை வேண்டும் உங்கள் நிபுணர்களுக்கு?

தீர்வு தெரியாமலா இருக்கிறோம்? சிமென்ட்டில் இருக்கும் குரோமியம்தான் கொத்தனார் கைக்கு எமன் என்று தெரிந்த டென்மார்க், 1983லேயே அதை 10 லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. வழி, சிமென்ட்டில் கொஞ்சம் இரும்பு சல்பேட் சேர்ப்பது. நம் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்களே, அதேதான். அங்கே கட்டடத் தொழிலாளர்களின் குரோமிய ஒவ்வாமை குறைந்தது. 2005ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அதைச் சட்டமாக்கியது. நம் மூட்டையில் எந்த வாரம், எந்த வருஷம் தயாரித்தது என்று அச்சடித்திருக்கிறது. குரோமியம் எவ்வளவு என்று மூட்டையில் படித்ததாகச் சொன்ன ஒரு கொத்தனாரை நான் சந்தித்ததில்லை.

அந்தத் தொழில்நோய்ப் பட்டியலைச் செயல்படுத்துவார்கள் என்று பார்த்தால், ஆளையே தொழிற்சாலைக் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததை 20 பேர் என்று உயர்த்திவிட்டது. பதினைந்து பேர் நிற்கும் பட்டறை அந்தச் சொல்லுக்குள் இனி அடங்காது. அந்தப் பதினைந்து பேரின் முப்பது கைகளுக்கு இது தெரியாது. அவை பழையபடியே அரிக்கும்.

ஆகவே, டாக்டரம்மா, கடைசியாகச் சொல்வதில் கிண்டல் இல்லை. அடுத்த விண்ணப்பத்தை எழுதாதீர்கள். உங்களிடம் வரும் ஒவ்வொரு கைக்கும் ஒரு தாள் எழுதுங்கள்: பெயர், வேலை, எத்தனை வருஷம், எந்தப் பட்டறை, என்ன எண்ணெய், என்ன புண். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைக் கோர்த்து வையுங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் உங்களோடு படித்த டாக்டர்கள் இருப்பார்கள், அவர்களையும் எழுதச் சொல்லுங்கள். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும் என்று பயப்படுகிற தொழிலாளியிடம் முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஒரு வருஷம் கழித்து, இந்தக் கடிதங்களின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நான் கேட்கிறேன். மனு எழுதுவது எனக்குக் கைவந்த கலை.

புதிய தொகுப்பிலும் அந்த மூன்றாவது அட்டவணை இருக்கிறது, தெரிவிக்க வேண்டிய கடமை மருத்துவருக்கு இருக்கிறது. அதைச் செய்ய எந்தக் குழுவின் ஒப்புதலும் உங்களுக்குத் தேவையில்லை.